கொட்டாஞ்சேனையில் விட்டுவந்த ஊசிகள்

வெள்ளவத்தை
11.08.1996

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்ல சுகம் என்று தொடங்கினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். கம்பஸில் எனக்கு இடம் கிடைத்துவிட்டது. வேலையில் இருக்கிற நேர்ஸ்மாருக்கென்று புதிதாகத் தொடங்கும் படிப்பு என்று சொன்னேனே, அதுதான். டொக்டர் இல்லாத இடத்தில் நாங்களே நோயாளியைத் தொட்டுப் பார்த்து, என்ன வருத்தம் என்று தீர்மானித்து, மருந்து கொடுக்கவும் காயம் தைக்கவும் பழக்குகிறார்கள். வீட்டிலிருந்து தபாலில் படிக்கிற படிப்பு இல்லை. பகலில் கம்பஸுக்கு நேரில் போக வேண்டும். வேலையையும் விடக்கூடாது. வேலை போனால் படிப்பும் போகும் என்பது அவர்களின் நிபந்தனை. ஆகவே இரவில் ஆஸ்பத்திரி, பகலில் வகுப்பு. எப்போது நித்திரை என்று மட்டும் கேட்காதீர்கள்.

சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எனக்குப் பயமாக இருக்கிறது. தெஹிவளையில் ரயிலில் குண்டு வெடித்த நாளிலிருந்து நான் ரயில் ஏறுவதில்லை. பஸ்ஸில் போனாலும் காலி வீதியில் இறக்கி, வரிசையாக நிறுத்தி, அடையாள அட்டை பார்க்கிறார்கள். பிறந்த இடம் மன்னார் என்பதைக் கண்டதும் முகத்தை இரண்டாம் தரம் பார்க்கிறார்கள். நேர்ஸ் என்று சொன்னால் கொஞ்சம் இளகுவார்கள் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். போன கிழமை ஒருவன், யாருக்கு மருந்து கட்டுகிறாய் என்று கேட்டான். அதிலிருந்து அதைச் சொல்லவும் பயம்.

வகுப்பிலும் பயம்தான். இத்தனை வருடமும் டொக்டர் சொன்னதைச் செய்து பழகியவள் நான். எங்கள் றலியா மிஸ் ஒரு கிழவரை முன்னால் இருத்தி, இவருக்கு என்ன வருத்தம், நீ தீர்மானி என்றார். எனக்குத் தெரியும், அக்கா. தெரிந்தும் வாய் திறக்கவில்லை. பிழையாகச் சொன்னால் பழி என் தலையில் என்ற நினைப்புத்தான் வந்தது.

ஓர் உதவி வேண்டும். காயம் தைக்கப் பன்றித் தோலில் வீட்டில் பழகச் சொல்கிறார் மிஸ். என் வீட்டுக்கார அம்மா, பக்கத்து வீட்டில் முட்டை பொரித்தாலே மூக்கைப் பொத்துகிற சைவம். பன்றித் தோலோடு படி ஏறினால் பெட்டியோடு இறக்கிவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் வீட்டுக்கு வந்து தைக்கட்டுமா? அத்தானிடம் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
கொன்ஸ்ரன்ஸ்

---

இயேசு மரி சூசை

கொட்டாஞ்சேனை
16.08.1996

அன்புத் தங்கச்சி கொன்ஸிக்கு,

கடிதத்துக்கு மேலே இயேசு மரி சூசை என்று மூன்று சொல் எழுதக்கூட உனக்கு நேரமில்லை. கம்பஸ்காரியாகிவிட்டாய் அல்லவா.

எனக்கு இந்தப் படிப்பு பிடிக்கவில்லை. பிடிக்காததைப் பிடித்த மாதிரி எழுத எனக்குத் தெரியாது. மாதாமாதம் சம்பளம் வருகிற வேலை இருக்கிறது, வயதும் போகிறது, நாடோ இப்படிக் கிடக்கிறது. வீட்டுக்குள் அடங்கி இருக்க வேண்டிய காலத்தில் நீ இரவும் பகலும் றோட்டில் நிற்கப் போகிறாய். உனக்கு ஏதும் நடந்தால் அம்மாவின் கல்லறையில் போய் நான் என்ன சொல்வது?

உன் அத்தானோ கடிதத்தை என்னிடமிருந்து பறித்து இரண்டு தரம் வாசித்துவிட்டு, எங்கள் வீட்டிலும் ஒரு டொக்டரம்மா என்கிறார். ஊர்க் கதிரைகளுக்கெல்லாம் குஷன் அடிக்கிற மனுஷன், இப்போது உனக்கென்று ஒரு கதிரைக்குப் புதுக் குஷன் அடிக்கத் தொடங்கிவிட்டார். குஷன் தைக்கிற ஊசியும் வளைந்ததுதான், யாருடைய தையல் திறம் என்று பார்ப்போம் என்று என்னிடம் பெருமை வேறு. இறைச்சிக் கடையில் தோலுக்கும் சொல்லி வைத்துவிட்டார். ஒஸ்வால்டைக் கட்டினேனா, உன் பியோனைக் கட்டினேனா தெரியவில்லை.

வா. ஆனால் நான் சொல்கிறபடிதான் எல்லாம் நடக்க வேண்டும். பின் அறையில் இருந்து தை. கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொள். ஈ மொய்க்கும், வாடை தெருவுக்குப் போகும், அதைவிட முக்கியம் ஆட்கள் பார்ப்பார்கள். எதிர் வீட்டுச் சீனியம்மாவுக்கு எங்கள் வீட்டில் என்ன கறி என்று தெரியாவிட்டால் சோறு இறங்காது. கத்தி, ஊசி, இரத்தத் துணி எல்லாம் யாரும் காண வேண்டிய காலமா இது? வாயையும் சாத்திக்கொள். கம்பஸ் கதையைத் தெருவில் கதைக்காதே.

உன் அக்கா,
இமெல்டா

---

வெள்ளவத்தை
08.09.1996

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசு மரி சூசை. இம்முறை மறக்கவில்லை, மேலே இடம் விட மறந்துவிட்டேன்.

இன்று பஸ்ஸில் வரும்போது என் விரல்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தேன். முடிச்சு நிற்கிறது, அக்கா. அத்தான் இழுத்துப் பார்த்தும் அவிழவில்லை. தோலின் இரண்டு ஓரமும் ஒன்றையொன்று தொட வேண்டும், ஒன்றின் மேல் ஒன்று ஏறக்கூடாது என்று மிஸ் சொன்னதை அத்தான் என்னைவிட விரைவில் விளங்கிக்கொண்டார். குஷனுக்குப் போடுகிற றெக்சினுக்கும் அதே சட்டம்தானாம். அந்த அறையில், அந்த வெக்கையில், உங்கள் இருவரின் நடுவே இருந்து தைக்கும்போது மட்டும் எனக்குப் பயம் இல்லை.

ஒரு காரியம் உங்களிடம் கேட்காமல் செய்துவிட்டேன். புறப்படும்போது சந்தியில் புதிதாகச் சோதனை போட்டிருக்கிறார்கள் என்று ஆட்கள் கதைத்தது கேட்டது. தையல் சாமான் பையைத் திறந்து காட்டச் சொன்னால் என்ன சொல்வேன் என்று நினைத்தேன். திரும்பி வந்து உங்கள் அலுமாரிக்குக் கீழே பையைத் தள்ளிவிட்டேன். அடுத்த ஞாயிறு வரை அங்கேயே இருக்கட்டும்.

தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். அதிலுள்ள நூல் பக்கற்றுகள் திகதி முடிந்தவை. ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை அறையில் எறியப் போட்டவற்றை எடுத்தேன். பழகுவதற்கென்று எல்லா நேர்ஸ்மாரும் எடுப்பதுதான். ஆனால் யாரும் கேட்டு எடுப்பதில்லை. எங்கள் தலைமை நேர்ஸ் மேற்றனுக்குத் தெரிந்தால் வேலையை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

தோல் கழுவிய சிவப்புத் தண்ணீரை வாசல் சாக்கடைக் கானில் ஊற்றியதற்கு நீங்கள் ஏசியது சரிதான். இனிப் பின்பக்கம் ஊற்றுகிறேன்.

அன்புடன்,
கொன்ஸ்ரன்ஸ்

---

இயேசு மரி சூசை

கொட்டாஞ்சேனை
19.09.1996

தங்கச்சி,

உன் அத்தானைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை விடிய, நான் கேத்தலை அடுப்பில் வைத்த நேரம், பொலிஸார் தெருவை வளைத்துவிட்டார்கள். மற்ற வீடுகளில் அட்டையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். எங்கள் வீட்டில் மட்டும் நேரே பின் அறைக்கு வந்தார்கள். யாரோ சொல்லி வந்தவர்கள் மாதிரி. நல்லவேளை ஞாயிறு உனக்கு வார்ட்டில் வேலை, நீ வரவில்லை, அறையில் ஒன்றும் கிடக்காது என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அலுமாரிக்குக் கீழே கை விட்டு உன் பையை இழுத்தார்கள். அப்போதுதான் எனக்கு அது அங்கே கிடப்பதே நினைவு வந்தது. ஊசி, கிடுக்கி, நூல், மஞ்சள் மருந்து ஊறிய துணி எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டிவிட்டு, காயப்பட்டவன் எங்கே என்று கேட்டார்கள். கட்டிலுக்குக் கீழே, கூரைக்கு மேலே, கக்கூசுக்குள் எல்லாம் தேடினார்கள்.

நான் உன் பெயரைச் சொல்ல வாய் எடுத்தேன். கர்த்தர் அறிய, சொல்லத்தான் போனேன். அதற்குள் அவர் முன்னுக்கு வந்து, "ஏவா மகே. குஷன் வெடட்ட" என்றார். அதெல்லாம் தன்னுடையவை, குஷன் வேலைக்கு வைத்திருப்பவை என்று. தன் சிங்களத்தில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. அவர்களில் பெரியவன் நூல் பக்கற் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பி வாசித்தான். ஆங்கிலம் தெரிந்தவன். வாசித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது.

ஜீப்பில் ஏறும்போது அவர் என்னிடம் தமிழில் சொன்னது இதுதான்: "கொன்ஸியின்ட பேர் உன்ட வாயில வரப்படாது. நான் இங்க பிறந்தவன், கதைச்சுப் பேசி வந்திடுவன். அவளுக்கு மன்னார் அட்டை."

எங்கள் கோயில் பாதர் போய்ப் பார்த்தார். விசாரணை முடியவில்லை என்று வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். உன் அத்தான் காயப்பட்ட இயக்கப் பொடியன்மாரை வைத்து மருந்து கட்டியவராம். எங்கே ஒளித்தாய் என்று கேட்கிறார்களாம்.

உன்னை வா என்று எழுத எனக்கு மனம் இல்லை. வராதே என்று எழுதவும் கை வரவில்லை. அறையின் கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருக்கிறேன்.

இமெல்டா

---

வெள்ளவத்தை
22.09.1996

அக்கா,

கடிதத்தை வார்ட்டில் நின்று வாசித்தேன். எனக்கு முதலில் வந்த நினைப்பு அத்தானைப் பற்றியது இல்லை. பையில் என் பெயர் எழுதிய எதுவும் கிடந்ததா என்பதுதான். இதை உங்களுக்கு எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதாவிட்டால் அது எனக்குள் கிடந்து என்னைத் தின்றுவிடும்.

நேற்று நான் பொலிஸ் நிலையம் வரை வந்தேன். எதிர்ப்பக்கம் பஸ் தரிப்பிடத்தில் நின்றேன். உள்ளே போய் என்ன சொல்வது என்று சிங்களத்தில் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். நான் நேர்ஸ், அது என் பை, அவர் என் அக்காவின் கணவர், அவருக்கு ஒன்றும் தெரியாது. நாலே வசனம். வாசலில் நின்றவன் என்னை ஒருதரம் பார்த்தான். அவ்வளவுதான், வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். எங்கே போகிற பஸ் என்றும் பார்க்கவில்லை. பொரளையில் இறங்கிய பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்தது.

நான் போய்ச் சொன்னால் அத்தான் பொய் சொன்னவர் ஆகிவிடுவார், அது இன்னும் மோசம் அல்லவா? பக்கற் எங்கிருந்து வந்தது என்று ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்துக் கேட்பார்கள். வேலை போகும், வேலையோடு கம்பஸும் போகும். என்னையும் உள்ளே வைத்தால் உங்களுக்கு யார்? இப்படி எல்லாம் யோசிக்கிறேன். யோசித்துவிட்டு, இவ்வளவும் பயந்தவள் தேடிப் பிடித்த காரணங்கள்தானா என்றும் யோசிக்கிறேன்.

படியில் யாரும் ஏறினால் மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கிறேன். இன்று ஏறியது பால்காரன்.

இன்னும் இரண்டு மூன்று நாள் பார்ப்போம், அக்கா. ஒருவேளை விட்டுவிடுவார்கள்.

கொன்ஸி

---

கொட்டாஞ்சேனை
25.09.1996

கொன்ஸ்ரன்ஸுக்கு,

கடிதம் கிடைத்தது. பஸ் தரிப்பிடம் வரை வந்ததற்கு நன்றி.

சோறு கொண்டுபோனபோது இன்றுதான் அவரைக் காட்டினார்கள். குஷன் தைக்கிற பாஸ் என்றால் தைத்துக் காட்டு என்று உன்னுடைய சின்ன ஊசியையும் கிடுக்கியையும் அவர் கையில் கொடுத்தார்களாம். எங்களோடு அத்தனை ஞாயிறு இருந்தும் அவர் அந்தக் கிடுக்கியை ஒருநாள்கூடக் கையில் எடுத்ததில்லை. ஊசி நழுவி நழுவி விழுந்ததாம். வலது புருவத்துக்கு மேலே தோல் கிழிந்து, காயம் பிளந்திருக்கிறது. கதவில் இடித்தது என்று சொன்னார். நான் ஓம் என்றேன்.

உன்னைப் பற்றித்தான் கேட்டார். வகுப்புக்கு ஒழுங்காகப் போகிறாளா என்றார்.

அவர் சொன்னபடி உன் பெயரை நான் சொல்லவில்லை. இனியும் சொல்லமாட்டேன். நீ படித்து முடி.

இமெல்டா

---

இயேசு மரி சூசை

வெள்ளவத்தை
28.09.1996

அன்புள்ள அக்காவுக்கு,

திங்கட்கிழமை காலை நான் போகிறேன். உங்கள் கையில் இந்தக் கடிதம் கிடைக்கும்போது உள்ளே இருப்பேன் அல்லது வெளியே வந்திருப்பேன். பஸ் தரிப்பிடத்தில் நிற்கமாட்டேன்.

றலியா மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே படிப்பை விட்டுவிடுகிறேன் என்றும் சொல்லிவிட்டேன், அவர் சொல்வதற்கு முன் நானே சொன்னால் வலி குறையும் என்று. மிஸ் கொம்பனித்தெருவில் பிறந்து வளர்ந்தவர், வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர். அவரே அன்று முதலில் மேசையில் கிடந்த ஊசி ஒன்றை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார். அவருக்கும் பயம் என்று கண்டேன். பிறகு, "தைக்கச் சொன்னது நான்தானே. நானும் வாறன்" என்றார். நான் அழுதுவிட்டேன். அழாதே, அழுதால் சிங்களம் குழம்பும் என்று ஏசினார்.

மேற்றனிடமும் இன்று காலை வேலை முடிந்ததும் போய்ச் சொன்னேன். பொலிஸ் போன் எடுத்துக் கேட்கும்போதுதான் அவருக்குத் தெரிய வேண்டும் என்றால் அது துரோகம். கேட்டுவிட்டு, எடுத்தது களவு என்று உனக்குத் தெரியாதா என்றார். தெரியும் என்றேன். போ என்றார். போ என்றால் எங்கே போ என்று விளங்கவில்லை.

நான் வராவிட்டால் என் சாமான்களை எடுக்க நீங்கள் வெள்ளவத்தைக்கு வர வேண்டாம். இங்கே காலை மாலை சுற்றிவளைப்பு. வீட்டுக்கார அம்மா எடுத்து வைப்பார், நல்ல மனுஷி. பாதரிடம் மட்டும் சொல்லுங்கள்.

அக்கா, எனக்கு இவ்வளவு பயம் ஒருநாளும் வந்ததில்லை. மன்னாரில் இருந்து அம்மாவோடு வள்ளத்தில் வந்த அன்றுகூட இல்லை, அன்று நீங்கள் என் கண்ணைப் பொத்தியிருந்தீர்கள்.

கொன்ஸி

---

இயேசு மரி சூசை

கொட்டாஞ்சேனை
04.10.1996

கொன்ஸி,

அவர் நித்திரை. வந்த நாளிலிருந்து சாப்பிடுகிறார், தூங்குகிறார். தூக்கத்தில் கையை மடக்கி மடக்கி எதையோ பிடிக்கப் பார்க்கிறார்.

அங்கே நடந்ததை நீ எனக்குச் சொல்லவில்லை. கட்டுப் போட்டுவிட்டுத் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் ஓடிவிட்டாய். அவர்தான் துண்டு துண்டாகச் சொன்னார். உன்னை உள்ளே கூப்பிட்டதும் அவர், இவளை எனக்குத் தெரியாது என்று சத்தம் போட்டாராம். உன் மிஸ் இது தான் கொடுத்த வேலை என்று சிங்களத்தில் ஒரு மூச்சில் சொன்னதை அந்தப் பெரியவன் நம்பவில்லையாம். தான் இருந்த கதிரையிலிருந்து எழும்பி, கிழிந்து பஞ்சு தள்ளிய றெக்சினைக் காட்டி, "மஹலா பென்னன்ன" என்றானாம். தைத்துக் காட்டு என்று. நீ முட்டுக்காலில் இருந்து தைத்தாயாம். தலைமுடி வரை நடுங்கினாளடி, ஆனால் கிடுக்கியைப் பிடித்ததும் விரல் மட்டும் நடுங்கவில்லை என்கிறார் அவர். இரண்டு ஓரமும் தொட்டுக்கொண்டு நின்றதாம், ஒன்றின் மேல் ஒன்று ஏறவில்லையாம். அதைச் சொல்லும்போது மட்டும் சிரித்தார். பிறகு பெரியவன் ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்து, உன் மேற்றனோடு கதைத்து, பின்னேரம்போல் இருவரையும் போகச் சொன்னானாம்.

இவ்வளவும் கேட்டேன். கேட்ட பிறகும் உன் மேல் எனக்குக் கோபம் போகவில்லை. அவன் கதிரையைத் தைத்தாய். வீட்டுக்கு வந்து இவருடைய புருவத்தைப் பார்த்தாய், விரலால் தொட்டாய், கழுவினாய், துணியை வைத்துக் கட்டிவிட்டுப் போய்விட்டாய். தை என்று நான் கேட்டேன். மாட்டேன் என்றாய். எங்கள் வீட்டில் பன்றிக்குத் தைத்தவள், பொலிஸ் கதிரைக்குத் தைத்தவள், உனக்காகப் போனவருக்கு ஒரு தையல் போடவில்லை. அது பயமா, அல்லது எங்களோடு இனித் தொடர்பு வேண்டாம் என்றா?

இமெல்டா

---

வெள்ளவத்தை
09.10.1996

அன்புள்ள அக்காவுக்கு,

பயம் இல்லை. அன்று எனக்குப் பயப்படுவதற்கு மிச்சம் ஒன்றும் இருக்கவில்லை.

அது பல நாளான காயம். பட்ட அன்றே என்றால் தைத்திருப்பேன். நாள் கடந்த காயத்தைத் தைத்து மூடினால் அழுக்கு உள்ளே அடைபட்டுச் சீழ் பிடிக்கும், கண்ணுக்குப் பக்கம், காய்ச்சல் தலைக்கு ஏறும். அதைத் திறந்தபடி விட்டு, கழுவிக் கழுவி, அடியிலிருந்து தானாக வளர்ந்து வர விட வேண்டும். தழும்பு அகலமாக இருக்கும், அழகாக இருக்காது. அத்தானின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதை நான்தான் தீர்மானித்தேன். கேட்பதற்கு அங்கே டொக்டர் இல்லை, மிஸ்ஸும் போய்விட்டார். நீங்கள் தை தை என்று என் தோளைப் பிடித்து உலுப்பினீர்கள். விளக்கம் சொல்லத் தொடங்கியிருந்தால் அழுது, உங்களுக்காகவே தைத்திருப்பேன். அதனால்தான் ஓடினேன்.

காலையும் மாலையும் கொதித்து ஆறிய தண்ணீரில் உப்புப் போட்டுக் கழுவுங்கள். ஓரம் சிவந்து சூடாக இருந்தால் உடனே எழுதுங்கள், எங்கே நின்றாலும் வருவேன்.

வேலை போய்விட்டது. மேற்றன் பொலிஸிடம் உண்மையைச் சொல்லி என்னைக் காப்பாற்றினார். மறுநாள் கூப்பிட்டு, கேட்காமல் எடுத்தவளை வைத்திருக்க முடியாது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. இந்த மாதக் கடைசிக்குள் வேறெங்காவது நேர்ஸ் வேலை கிடைத்தால் படிப்பைத் தொடரலாம் என்கிறார் றலியா மிஸ். மன்னார் அட்டையோடு, பொலிஸ் விசாரித்த நேர்ஸை யார் எடுப்பார்கள்? இரண்டு இடத்தில் கேட்டேன். இரண்டிலும் அட்டையைப் பார்த்துவிட்டுப் பிறகு சொல்கிறோம் என்றார்கள்.

நான் நன்றாகப் படித்தேன், அக்கா. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருக்கிறது. இப்போது மிஸ் என்ன வருத்தம் என்று கேட்டால் வாய் திறந்து சொல்கிறேன். அது போகப் போகிறதே என்றுதான் தாங்க முடியவில்லை.

இனி உங்கள் வீட்டுப் படி ஏறமாட்டேன். என்னால் வந்தது போதும்.

கொன்ஸி

---

இயேசு மரி சூசை

கொட்டாஞ்சேனை
15.10.1996

அன்புத் தங்கச்சி கொன்ஸிக்கு,

காய்ச்சல் இல்லை. ஓரம் சிவக்கவில்லை. நீ சொன்னபடி அடியிலிருந்து ரோஜா நிறத்தில் வளர்கிறது. அவலட்சணமாகத்தான் இருக்கிறது. நான் ஏசியதைத் திருப்பி எடுக்கமாட்டேன், எனக்கு அன்று அது தெரியாது. இன்று தெரியும், அவ்வளவுதான்.

சீனியம்மா நேற்று வந்தாள். வாசலில் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ஞாயிற்றுக்கிழமையானால் நாங்கள் அறையைச் சாத்துவதையும், பிறகு கானில் இரத்தத் தண்ணீர் ஓடுவதையும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். "யாரையோ வச்சி வைத்தியம் பாக்குறீங்கன்னு நெனச்சேங்கம்மா. பொலிஸ் தானா வந்தா தெருவையே அள்ளிட்டுப் போவான், எம் புள்ளையையும் சேத்து. பயத்துல சொல்லிப்புட்டேன்" என்றாள். எனக்கு அவளை அறைய வேண்டும் போல் இருந்தது. அதே நேரம், அவள் வாசலில் அந்தத் தண்ணீர் ஓடியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்றும் ஒரு நினைப்பு வந்தது. அறையவில்லை. தேத்தண்ணியும் கொடுக்கவில்லை.

அடுத்தது. கன்னியர்மடத்து மருந்துச்சாலையில் தாய்ச் சிஸ்டரைப் போய்ப் பார்த்தேன். பார்த்தேன் என்றால் சும்மா இல்லை, அவர் சாப்பிடப் போக விடாமல் நின்றேன். அங்கே இருந்த நேர்ஸ் கனடா போய்விட்டாளாம். டொக்டர் கிழமையில் ஒருநாள்தான் வருகிறார், மற்ற நாளில் தானே பார்த்துத் தீர்மானிக்கக்கூடிய ஒருத்தி வேண்டுமாம். அதைத்தான் என் தங்கச்சி கம்பஸில் படிக்கிறாள் என்றேன். சொல்லும்போது என் குரல் பெரிதாகிவிட்டது, கொன்ஸி. பொலிஸ் கதையையும் மறைக்காமல் சொன்னேன். யோசித்துவிட்டு, உடனே வரச் சொல் என்றார். காலையில் வகுப்பு உள்ள நாட்களில் பின்னேரம் வந்தால் போதுமாம். கம்பஸுக்குக் கடிதமும் தருவார். வெள்ளவத்தையில் பெட்டியைக் கட்டு. வீட்டில் தங்க வருகிறவரைப் பொலிஸில் பதிய வேண்டுமல்லவா, உன் பெயரை எங்கள் வீட்டோடு பதிய நானும் அவரும் போய் வந்துவிட்டோம். அந்தப் பெரியவனேதான் இருந்தான், அந்தக் கதிரையில்தான் இருந்தான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் தைக்க உட்கார். தோலுக்குச் சொல்லியாயிற்று, நூலுக்கு உன் மிஸ்ஸிடம் கேட்டு வாங்கி வா. கேட்டு. பின் அறை வேண்டாம். அவர் முன் அறையில் வாசலைப் பார்க்க மேசை போட்டு, உன் குஷன் கதிரையையும் வைத்துவிட்டார். கதவும் ஜன்னலும் திறந்தே இருக்கும். சீனியம்மாவையும் கூப்பிட்டிருக்கிறேன், எதிரே இருந்து முதலிலிருந்து கடைசி வரை பார்க்கட்டும்.

எனக்குப் பயம் போய்விட்டது என்று நினைக்காதே. தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்டால் கை தானாகக் கதவுக்குப் போகிறது. சாத்தமாட்டேன். ஈ வந்தால் பக்கத்தில் நின்று விசிறுகிறேன், நீ தை.

உன் அக்கா,
இமெல்டா